‘நோ’வுக்குத் தனி சுவிட்ச்: ஃப்ரீமான்ட் தெரு மோட்டலை வாங்கிய நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலீட்டுக் குழுவினருக்கு,

உங்கள் திட்ட அறிக்கை போன வாரம் வாட்ஸப்பில் எனக்கு வந்தது. அனுப்பிய நண்பர் என்னையும் ஒரு பங்கு போடச் சொல்லித்தான் அனுப்பினார். 14ஆம் பக்கத்தில் இருந்த போட்டோவைப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. லாஸ் வேகஸ், கிழக்கு ஃப்ரீமான்ட் தெரு. ‘ப’ வடிவத்தில் 22 அறைகள். முன்னால் மண் கொட்டி மூடிய நீச்சல் குளம். 1996லிருந்து 1999 வரை, இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை, அந்த மோட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அதே பக்கத்தில் ஓர் அட்டவணை. நிலத்துக்கு நேராகப் பெரிய தொகை. கட்டிடத்துக்கு நேராகப் பூஜ்யம். கீழே திட்டம்: காலி செய்தல், இடித்தல், வேலி, தற்காலிக கார் பார்க்கிங், 5 முதல் 7 வருடக் காத்திருப்பு, விற்பனை. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘பழைய நியான் போர்டு அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்படும்.’

அந்தப் பொடி எழுத்து வரிதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. மற்றதெல்லாம் வியாபாரம் என்று கடந்து போயிருப்பேன். அந்த ஒரு வரியில், செய்யப்போவது சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்திருப்பது தெரிகிறது.

இப்படிப்பட்ட மடல்கள் வழக்கமாக நகர மன்றத்துக்குப் போகும். உங்களுக்கு எழுதக் காரணம், சாவி உங்களிடம் இருக்கிறது, இன்னும் ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம், நீங்கள் தமிழ் படிப்பவர்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் பிள்ளையார் படம் இருக்கிறது.

அந்தத் தெருவில் ஏன் வரிசையாக மோட்டல்கள் இருக்கின்றன என்று 31 பக்க அறிக்கையில் ஓர் இடத்திலும் இல்லை. தெரியாமல் வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். 1905 மே மாதம் ரயில் கம்பெனி மனை மனையாக ஏலம் விட்டுப் பிறந்த ஊர் அது. ஃப்ரீமான்ட் அதன் முதல் பெரிய தெரு. 1925ல் ஊரிலேயே முதலில் கெட்டித் தளம் போட்ட சாலையும் அதுதான். 1931ல் இரண்டு காரியங்கள் ஒரே வருடத்தில் நடந்தன. நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமானது. ஹூவர் அணை வேலை தொடங்கியது. அணைக்குப் போகும் போல்டர் ஹைவே ஊருக்குள் நுழைந்ததும் ஃப்ரீமான்ட் தெருவாக மாறிவிடும். அணை பார்க்க வந்தவர்கள், அரிசோனாவிலிருந்து பாலைவனத்தைத் தாண்டி வந்தவர்கள், எல்லாரும் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வந்தார்கள். போருக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்பிய காலத்தில், அந்தச் சாலையின் இரு பக்கமும் மோட்டல்கள் முளைத்தன.

கட்டிடங்கள் சாதாரணமானவை. சிமெண்ட் பிளாக் சுவர், தட்டைக் கூரை, கதவுக்கு முன்னால் கார். செலவெல்லாம் போர்டுக்குத்தான். பொட்டல் காட்டில் 5 மணி நேரம் ஓட்டி வந்தவன் இருட்டில் எந்த வாசலில் திரும்புவான் என்பதை அந்த விளக்குதான் முடிவு செய்தது. பிறகு விரைவுச்சாலை வந்தது. அணைப் பக்கத்துப் போக்குவரத்து வேறு வழியாகப் போயிற்று. 1995 டிசம்பரில் ஃப்ரீமான்ட் தெருவின் மேற்குக் கோடிக்கு மேலே ராட்சதக் கூரை போட்டு, அதில் விளக்குக் காட்சி காட்டத் தொடங்கினார்கள். கூரை நாலாவது தெருவோடு முடிகிறது. அதற்குக் கிழக்கே இருந்த நாங்கள் இருட்டில் விடப்பட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த இருட்டு தொடங்கிய முதல் வருடத்தில்.

மோட்டலை நடத்தியவர் சூரத் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. ‘பென்’ என்று கூப்பிடுவோம், குஜராத்தியில் அக்கா என்பது போல. அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் அவர் குடும்பம் வாழ்ந்தது. துணி துவைப்பது, குழாய் சரி செய்வது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்களே. 1980களில் அக்கம்பக்கத்து மோட்டல்காரர்கள் ‘இது அமெரிக்கர் நடத்துவது’ என்று வாசலில் எழுதி வைத்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார். இன்று அமெரிக்க ஹோட்டல் தொழிலில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது என்று உங்கள் அறிக்கையின் முன்னுரையில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெருமையைச் சம்பாதித்தது இந்த மாதிரிப் பின்னறைகளில்.

மேசைக்கு அடியில், முழங்கால் இடிக்கும் உயரத்தில், இரண்டு சுவிட்ச். பெரியது போர்டு முழுவதுக்கும். சின்னது ஒரே ஒரு சொல்லுக்கு: ‘நோ’. ‘வேகன்சி’, அதாவது அறை காலி, என்ற எழுத்து இரவெல்லாம் எரியும். அறைகள் நிரம்பிவிட்டால் சின்ன சுவிட்சைத் தட்ட வேண்டும்; ‘வேகன்சி’க்கு முன்னால் ‘நோ’ எரியும். மூன்று வருடத்தில் நான் அதைத் தட்டிய இரவுகளை எண்ணிவிடலாம். டிசம்பரில் ரோடியோ என்ற காளை, குதிரை அடக்கும் விளையாட்டின் இறுதிப் போட்டி நடக்கும் நாட்கள், வருடப் பிறப்பு, நவம்பரில் காம்டெக்ஸ்.

காம்டெக்ஸ் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் கண்காட்சி. 2 லட்சம் பேர் ஊருக்குள் இறங்குவார்கள். பெரிய சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலைப் பக்கம் அறைக்கு யானை விலை சொல்வார்கள். அப்போது சான் ஹோசேயிலிருந்து விடிய விடியக் கார் ஓட்டி வந்த நம் பையன்கள் 4 பேர், 5 பேராக ஒரே அறையில் தங்கினார்கள். பென் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். 1997ல் ஒரு விடியற்காலை 9ஆம் எண் அறையில் புகை அலாரம் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், எலெக்ட்ரிக் அடுப்பில் ஒருவர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துண்டை அலாரத்துக்கு அடியில் விசிறியபடியே ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்டார். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. அவர் உங்கள் குழுவில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இருந்தால், சார், அந்த அறைக்கும் நீங்கள் பூஜ்யம்தான் போட்டிருக்கிறீர்கள்.

நியான் போர்டு பற்றி ஒரு விஷயம். சிவப்பு எழுத்தில் இருப்பதுதான் உண்மையான நியான். நீலத்தில் இருப்பது ஆர்கான் வாயுவும் துளி பாதரசமும். குளிர் வந்தால் பாதரசக் குழாய் மங்கிவிடும். ஜனவரி இரவுகளில் எங்கள் போர்டின் நீல எழுத்தெல்லாம் சோகை பிடித்தது போல் ஆகும், சிவப்பு மட்டும் அதே ஜோரில் எரியும். 12 மணிக்கு மேல் சாலையில் கார் குறைந்ததும் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் மேசை வரை கேட்கும். அது நின்றால் தூக்கம் கலைந்துவிடும் என்று சொன்ன வாடகைக்காரர்கள் இருந்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்தப் போர்டை வைத்தால் இதில் எது மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

நியான் மியூசியத்தைக் குறை சொல்லவில்லை. 1996ல் தொடங்கிய அவர்கள் இல்லாவிட்டால் 200க்கு மேற்பட்ட பழைய போர்டுகள் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அவர்கள் கதையிலேயே உங்களுக்குப் பாடம் இருக்கிறது. அவர்கள் முதன்முதலில் புதுப்பித்து நிறுத்தியது ஹசியண்டா ஹோட்டலின் குதிரைவீரன் போர்டு. 1996 நவம்பரில் ஃப்ரீமான்ட் தெரு முனையில், எங்கள் மோட்டலுக்குச் சற்று மேற்கே, அதை ஏற்றினார்கள். அடுத்த மாதம் 31ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஹசியண்டா ஹோட்டலையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு; அவர்களுடைய புத்தாண்டுக்குப் பொருத்தமாக டிவியில் நேரடி ஒளிபரப்பு. வேலைக்குக் கிளம்பும் முன் நானும் பார்த்தேன். அன்றிரவு மேசைக்கு வந்த ஒருவர், தேனிலவுக்கு ஹசியண்டாவில் தங்கியதாகச் சொல்லி, குதிரை எங்கே நிற்கிறது என்று வழி கேட்டுப் போனார். திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அந்த ஊருக்கு இடிப்பதே திருவிழா. டியூன்ஸ் 1993, சாண்ட்ஸ் 1996, ஸ்டார்டஸ்ட் 2007, ரிவியேரா 2016. 1957ல் திறந்த டிராப்பிகானாவை 2024 அக்டோபரில் வாணவேடிக்கையோடு தகர்த்தார்கள். அந்தப் பெரிய ஹோட்டல்களுக்காவது கூட்டம் கூடியது, கேமரா வந்தது. கிழக்கு ஃப்ரீமான்ட் மோட்டல்களுக்கு ஒரு பொக்லைன், இரண்டு லாரி, ஒரு தண்ணீர்க் குழாய். புதன்கிழமை காலையில் ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை சரளைக்கல்.

லா கான்ச்சா மோட்டலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1961ல் ஸ்ட்ரிப்பில் கட்டியது. வடிவமைத்தவர் பால் ரெவெரே வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டிடக் கலைஞர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தன் பக்கத்தில் உட்காரக் கூச்சப்படுவார்கள் என்று, மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தபடியே தலைகீழாகப் படம் வரையக் கற்றுக்கொண்டவர். ஸ்ட்ரிப் ஹோட்டல்கள் கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்க ஒப்புக்கொண்டதே 1960 மார்ச்சில்தான். அடுத்த வருடம் அவர் வரைந்த சிப்பி வடிவக் கான்கிரீட் வரவேற்புக்கூடம் அதே சாலையில் நின்றது. 2004ல் மோட்டலை மூடினார்கள். வரவேற்புக்கூடத்தை மட்டும் 8 துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றி, சில மைல் வடக்கே கொண்டுபோய் ஒட்டினார்கள். 2012லிருந்து அதுதான் நியான் மியூசியத்தின் நுழைவாயில். அழகாகத்தான் இருக்கிறது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே டிக்கெட் கொடுக்கிறார்கள், சாவி கொடுப்பதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு உங்களில் சிலராவது போயிருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளை உடைத்த தேக்குத் தூணும் நிலைக்கதவும் அங்கே வரிசையாகச் சாத்தியிருக்கும். தூண் கெடவில்லை, யாரோ வாங்கிப் போய் உணவு விடுதியில் நிறுத்துவார்கள். அதைப் பார்த்து ‘வீட்டைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று எந்த ஆச்சியும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் பொடி எழுத்து வரி அந்தத் தெருவில் சாத்திய கதவுதான்.

பென் ஒவ்வொரு அறை வாசலிலும் இரண்டு இரும்பு நாற்காலி போட்டிருந்தார். முதுகு சிப்பி போல் வளைந்திருக்கும். 22 அறைகளில் 14 வார வாடகைக்கு. 11ஆம் எண் அறையில் ஓர் அம்மா. டவுன்டவுன் சூதாட்டக் கூடத்தில் கீனோ என்ற லாட்டரி மாதிரி ஆட்டத்தின் சீட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வேலை முடிந்து 2 மணிக்கு வருவார். குப்பைக்கூடையைக் கழுவி, ஐஸ் மெஷினிலிருந்து நிரப்பி, நாற்காலியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொள்வார். 8 மணி நேரம் ஹீல்ஸ் போட்டு நடந்த கால். பக்கத்து அறைக்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஜூலையில் அந்த நேரத்துக்குக்கூட வெக்கை அடங்காது. ஐஸ் கரைகிற வரை பேச்சு நடக்கும். நம் ஊர்த் திண்ணைதான், வேறொன்றும் இல்லை. இந்த நாற்காலிகளுக்கு உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டமும் இல்லை.

நான் அந்த மோட்டலைக் கோவிலாக்க வரவில்லை. போதை, அடிதடி எல்லாம் பார்த்தாயிற்று. போலீஸைக் கூப்பிட்டிருக்கிறேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறேன், ஒருமுறை கதவைத் தட்டித் தட்டிப் பதில் வராமல் திறந்து பார்த்திருக்கிறேன். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். குழாய்கள் மட்கியிருக்கும். உங்கள் அறிக்கை ‘பாதுகாப்பு அபாயம்’ என்று சொல்வதை நான் ஒதுக்கிவிடவில்லை. 2019 டிசம்பர் 21 விடியற்காலையில் டவுன்டவுனில் ஆல்பைன் மோட்டல் அபார்ட்மெண்ட்ஸ் எரிந்து 6 பேர் செத்தார்கள். பெயரில்தான் மோட்டல், 3 மாடிக் குடியிருப்பு. ஹீட்டர் வேலை செய்யாமல் ஆட்கள் சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். பின்வாசல் கதவைத் தாழ் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு 11ஆம் எண் அறைதான் கண்ணில் வந்தது. ஆனால் அந்த 6 பேரைக் கொன்றது கட்டிடத்தின் வயது என்று யாரும் சொல்ல முடியாது. ஹீட்டரைச் சரி செய்யாமல், கதவைத் திறந்து வைக்காமல் வாடகை மட்டும் வாங்கியதால் வந்தது. நீங்கள் வாங்கி 4 மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். 9 அறைகளில் இன்னும் ஆள் இருக்கிறது. 17ஆம் எண் வாசலில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ‘நீ புது முதலாளியின் ஆளா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அவர்களைப் பார்த்தால் ஏசியைப் பற்றிச் சொல்’ என்றார். சொல்லிவிட்டேன்.

காலி மனையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கிழக்கு ஃப்ரீமான்டில் எட்டாவது தெருவிலிருந்து கிழக்கே நடந்து பாருங்கள். கோடையில் நடந்து பாருங்கள் என்று சொல்லலாம், ஆனால் உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. 2024 ஜூலை 7ஆம் தேதி அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் கிட்டத்தட்ட 49 செல்சியஸ். அந்த ஊரில் அதுவரை பதிவான வெயிலிலேயே அதிகம். அந்த வெயிலில் வேலி போட்ட சரளை மனையைத் தாண்டும்போது முகத்தில் அனல் அடிக்கும். ‘ப’ வடிவக் கட்டிடம் நடுமுற்றத்தில் நிழல் கொடுத்தது. வாசல் மரம் நடைபாதைக்கு நிழல் கொடுத்தது. அந்தக் காலத்தில் அதைக் கட்டியவர்களுக்குப் பாலைவனத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. 7 வருடம் அதைத் தரைமட்டமாக்கிக் கார் நிறுத்தப்போகிறீர்கள். ஏற்கெனவே அந்தத் தெருவில் கார் நிறுத்த இடத்துக்குப் பஞ்சமே இல்லை; ஒவ்வொரு காலி மனையும் ஒரு காலத்தில் ஒரு மோட்டல்.

சரி, பணம். நீங்கள் தொண்டு நிறுவனம் நடத்தவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வழிக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதே தெருவில் ஃபெர்குசன்ஸ் இருக்கிறது. 1940களின் மோட்டல். ஜாப்போஸ் என்ற ஆன்லைன் செருப்புக் கம்பெனியை நடத்திய டோனி ஷே 2012ல் தொடங்கிய டவுன்டவுன் புராஜெக்ட் அதை வாங்கியது. 2019ல் திறந்தபோது அறைகள் சின்னச் சின்னக் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாக ஆகியிருந்தன. முற்றத்தில் இரண்டு டேங்கர் லாரிகளை முறுக்கி நிறுத்திய சிற்பம். சனிக்கிழமை சாயங்காலம் போனால் உட்கார இடம் கிடைக்காது. ஆல்புகர்க்கியில் எல் வாடோ மோட்டல், 1937ல் கட்டியது. இடிக்கக் கிளம்பினார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை, நகரமே வாங்கிக்கொண்டது. 2018ல் மறுபடி அறைகளோடு திறந்தது. இன்னும் கிட்டே வேண்டுமென்றால், மொஹாவே பாலைவனத்தைத் தாண்டி 4 மணி நேரத்தில் பாம் ஸ்பிரிங்ஸ். அங்கே 1960களின் ஹோவர்ட் ஜான்சன் மோட்டல் 2009ல் ஏஸ் ஹோட்டலாகி விட்டது. 1947ன் டெல் மார்கோஸில் இன்றும் அறை எடுத்துத் தங்கலாம். அந்தக் காலக் கட்டிடங்களைப் பார்ப்பதற்கென்றே வருடா வருடம் பிப்ரவரியில் விழா நடத்துகிறார்கள், ஊர் நிரம்பி வழிகிறது. பாம் ஸ்பிரிங்ஸ் காப்பாற்றியதெல்லாம் வசதியானவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்ற குறை எனக்கு உண்டு. வார வாடகைக்காரர் யாரும் அங்கே நுழைய முடியாது. ஆனாலும் கட்டிடத்துக்குப் பூஜ்யம் என்று அங்கே யாரும் அட்டவணை போட மாட்டார்கள்.

போர்டு மட்டும்தான் உங்களால் முடியும் என்றால்கூட, அதை நின்ற இடத்திலேயே வைத்திருக்கலாம். அரிசோனாவின் மேசா ஊரில் ஸ்டார்லைட் மோட்டல் வாசலில் ஒரு பெண் குளத்தில் குதிப்பது போல் 3 நிலைகளில் எரியும் நியான் போர்டு. 2010 அக்டோபரில் புயல் அதைச் சாய்த்தது. ஊர்க்காரர்கள் ஏறக்குறைய 1,20,000 டாலர் திரட்டி, 2013ல் அதே இடத்தில் மறுபடி குதிக்க வைத்தார்கள்.

அப்புறம், வரிச் சலுகை. உங்களில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை வரி ஆலோசனை ஜூம் நடத்துகிறீர்கள் என்று கேள்வி. வருமானம் தரும் வரலாற்றுக் கட்டிடம் என்ற சான்றிதழ் கிடைத்து, விதிப்படி புதுப்பித்தால், அந்தச் செலவில் 20 சதவீதம் மத்திய அரசு வரிக்கழிவு உண்டு. பொதுவாக 50 வயதைத் தாண்டிய கட்டிடத்தைத்தான் அந்தப் பட்டியலுக்குப் பார்ப்பார்கள். உங்களுடையதற்கு 70 ஆகிவிட்டது. இதை அறிக்கை தயாரித்தவர் உங்களிடம் சொன்னாரா? இடித்த பிறகு கேட்க முடியாத சலுகை இது.

இனி நான் கேட்பது.

அடுத்த மாத வாக்கெடுப்பில் இடிப்பைத் தள்ளிவையுங்கள். ஒரு வருடம் போதும். அந்த ஒரு வருடத்தில், பழைய கட்டிடங்களில் பழக்கப்பட்ட ஒரு கட்டிடக் கலைஞரை வைத்து, புதுப்பித்தால் எவ்வளவு, இடித்தால் எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் போடுங்கள். வரிக்கழிவையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டையும் பங்கு போட்ட எல்லாருக்கும் அனுப்புங்கள், குழுத் தலைவர்களுக்கு மட்டும் இல்லை.

9 அறைகளில் இருப்பவர்களை எந்தக் காரணம் சொல்லியும் மே முதல் செப்டம்பர் வரை வெளியேற்றாதீர்கள். வெளியேற்றத்தான் வேண்டும் என்று ஆனால், வேறு இடம் பார்த்துக் கொடுத்து, முன்பணமும் நீங்களே கட்டுங்கள். ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். உங்கள் அறிக்கையில் ‘விளம்பரம்’ என்ற தலைப்பில் வைத்திருக்கும் தொகையில் பாதிகூட வராது. 17ஆம் எண் அறையின் ஏசியை இந்த வாரமே சரி செய்யுங்கள். புகை அலாரங்களை எல்லா அறையிலும் சோதியுங்கள். பின்பக்கக் கதவில் சங்கிலி தொங்குகிறது, நான் கண்ணால் பார்த்தேன். அதை இன்றைக்கே எடுங்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

போர்டைக் கழற்றாதீர்கள். ‘வேகன்சி’யில் இரண்டு எழுத்து எரியவில்லை. கண்ணாடிக் குழாயைத் தீயில் வளைத்து நியான் செய்பவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தின் செலவை நான் தருகிறேன், பங்கு எதுவும் வேண்டாம்.

கடைசியாக, வாக்கெடுப்புக்கு முந்தைய ஜூம் கூட்டத்தில் எனக்கு 10 நிமிடம் கொடுங்கள். பென் அந்தக் காலத்தில் எடுத்த போட்டோக்கள் அவர் மகளிடம் இருந்தன, வாங்கி வைத்திருக்கிறேன். குளத்தில் தண்ணீர் இருக்கும் படம், காம்டெக்ஸ் பையன்கள் வரிசையாக நிற்கும் படம், ‘நோ’ எரியும் படம் ஒன்று. கூட்டத்தின் லிங்கை இதை உங்களுக்கு அனுப்பும் அதே நண்பரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மோட்டலின் முன்னாள் இரவு மேசைக்காரன்